சாவி இருந்த கை

பெருமாள்புரத்தில் பதினேழு வருஷமாக
வாடகைக்கு வீடு காட்டுகிறேன்.
வாயைப் பார்த்து இந்தத் தொழில் செய்தவன்
பெட்ரோல் காசுகூடப் பார்த்ததில்லை.
நான் பார்ப்பது, சாவி இருக்கிற கையை.

விரலில் மாட்டிச் சுழற்றுகிறவர்
ஐந்நூறு குறைப்பார்.
சாவியின் பல்லைக் கட்டைவிரலால் வருடுகிறவர்
வீட்டம்மாவிடம் கேட்க வேண்டியவர்.
சாவி முந்தானை முடிச்சுக்குள் போய்விட்டால்
அப்புறம் நான் பேசுவதெல்லாம்
ஆத்தில் கரைத்த புளி.

குற்றாலலிங்கம் சார் மாடிவீட்டுக்கு
ஆனிமாசத்துக் காத்தில்
இசக்கிப்ரியாவைக் கூட்டிப்போனேன்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
கூட ஒரு ஆறு வயசுப் பிள்ளை.
மேல்படியில் செருப்பை ஜோடி சேர்த்து வைத்தது.

சாருக்கு ஏகச் சந்தோஷம்.
ஆத்துத் தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்,
போர் வேற இருக்கு என்றார்.
கொக்கி இறுகிய ஜன்னலைத் தானே தட்டித் திறந்தார்.
"மாடிக்கு நர்ஸம்மா வந்தா
எங்க பிரஷருக்கு நல்லதுல்லா."
சாவி விரலில் சுழன்றது.
கீழே அடுக்களையில் காப்பி ஆற்றுகிற சத்தம்.

"சொந்த ஊரு எதும்மா?"

மூலைக்கரைப்பட்டி தாண்டி ஒரு ஊர்ப்பேர் சொன்னாள்.
கம்பும் உளுந்தும் விளைகிற ஊர்.
பேரில் ஒரு குத்தமும் இல்லை.

"ஓகோ" என்றார் சார்.
ஓ கொஞ்சம் நீளம். கோ கொஞ்சம் குறை.
சிரிப்பு முகத்திலேயே இருந்தது,
கொடை முடிந்தும் அவிழ்க்காத தோரணம் மாதிரி.
சாவி வலக்கையிலிருந்து இடக்கைக்குப் போனது.
இடக்கை முதுகுக்குப் பின்னால் போனது.
கீழே ஆற்றுகிற சத்தம் நின்றது.

மகன் டொரண்டோவிலிருந்து வந்தாலும் வருவானாம்.
கேட்டுச் சொல்லுதேன் என்றார்.
ஆறு வருஷமாக வராத மகன்.
ஆனால் அவர் பொய் சொல்லவில்லை.
அந்த நிமிஷம் அவன் விமானம் ஏறுவது
அவர் கண்ணுக்கு மெய்யாகவே தெரிந்தது.
கை முடிவெடுத்துவிட்டது,
வாய் அதற்கொரு காரணம் தேடிப்போய்
மகனைக் கூட்டிவந்தது.

அட்வான்ஸ் எவ்வளவு என்று
இசக்கிப்ரியா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.
பிள்ளை செருப்பைப் போட ஆரம்பித்திருந்தது.

தெருமுனையில் வண்டியை ஓரங்கட்டி
என் சாவிக் கணக்கை அவளுக்கு விளக்கினேன்,
கொஞ்சம் பெருமையாகவே.
துப்பட்டாவைக் காத்திலிருந்து பிடுங்கிச் செருகியபடி
கடைசிவரை கேட்டாள்.

"எனக்கும் அதே வேலைதான் அண்ணாச்சி.
பெட்டுக்குப் பக்கத்துல நிக்கவங்க காலைப் பாத்தாலே போதும்,
யாரு ராத்திரி இருப்பா, யாரு நழுவிருவான்னு தெரியும்.
நான் ஊரைச் சொன்னதும்
நீங்க குனிஞ்சு ஹெல்மெட்டை எடுத்திய.
அவரு உங்களத்தான் பாத்தாரு.
அதுக்குப் பொறவுதான் சாவி கை மாறுச்சு."

கோபமில்லை.
காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்கிற குரல்.

ஹெல்மெட் என் முழங்கையில் தொங்கியது.
எப்போது எடுத்தேன்?
சார் கை நினைவிருக்கிறது, ஜன்னல் கொக்கி நினைவிருக்கிறது,
அந்த மாடியில் எனக்கு மட்டும் கையே இல்லை.
பதினேழு வருஷம். எத்தனை மாடி.
எத்தனை பேர் ஊர்ப்பேர் சொல்லியிருப்பார்கள்,
எத்தனை தடவை நான் குனிந்திருப்பேன்.

அடுத்த தெருவில் இன்னொரு வீடு.
ஹெல்மெட்டை வண்டியிலேயே பூட்டிவிட்டு ஏறினேன்.
சும்மா இருக்கிற இரண்டு கையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சட்டைப்பையில் விட்டேன். எடுத்தேன்.

பிள்ளை வாசலில் நின்றது,
செருப்பைக் கழற்றாமல்,
என் கையையே பார்த்துக்கொண்டு.